தங்கமீன் பாட்டும் என் தலையும்

போன கிழமை அபி ஃபோன் எடுத்தாள். ஜப்பானியப் பிள்ளைகளுக்கான பராமரிப்பு நிலையம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்தவள் அவள். இங்கே கனடாவில், பிக்கரிங்கில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மூச்சு விடாமல் கதைப்பாள்.

“அன்ரி, பிளீஸ் ஹெல்ப் மீ. இஞ்சை பெரிய ஸ்கிரீன் ஒண்டு போட்டிருக்கினம். கைப்பாட்டு எல்லாம் இப்ப அதிலைதான். பிள்ளையள் ஸோ குட், ஒரு மூவ்மென்ற்கூடப் பிழைக்காது. ஆனா பாட்டு முடிஞ்ச உடனை ரோட்டல் கேயாஸ். ஒருத்தரும் ஒரு இடத்திலை இருக்கினமில்லை.”

“பாட்டு முடியேக்கை பிள்ளையின்ரை கை எங்கை நிக்குது?”

“வட்?”

“கை, கை. கடைசியிலை கை எங்கை நிக்குது எண்டு கேக்கிறன்.”

கொஞ்சம் யோசித்தாள். “மேலை, அன்ரி. எல்லாரும் ஜம்ப் பண்ணி, ஹாண்ட்ஸ் அப்.”

“பின்னை எப்பிடியடி இருக்குங்கள்? கை மேலை நிண்டால் பிள்ளையும் மேலைதான் நிக்கும். நிப்பாட்டேக்கை கையைக் கொண்டுவந்து முழங்காலிலை வை. அவையும் வைப்பினம். வைச்ச கையோடை கதையைத் தொடங்கு.”

அடுத்த நாள் மத்தியானம் திரும்ப எடுத்தாள். “அன்ரி, யூ ஆர் எ விச்!” என்றாள். சூனியக்காரி என்று என்னை ஒருவரும் இவ்வளவு அன்பாகச் சொன்னதில்லை. உதெல்லாத்தையும் எழுதித் தாங்கோ என்று பிறகு ஒரே கரைச்சல். அதுதான் இருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் திரையோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. திரைக்குத் தொண்டை கட்டாது, இடுப்பு பிடிக்காது. என் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால், மழை நாள்களில் நானே ஓடிப் போய்ப் போட்டிருப்பேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை பெரிய கதை இல்லை. ஊரில் கலியாணம் கட்டினேன், மகள் பிறந்தாள், அவர் முதலில் கனடாவுக்கு ஓடிவந்தார். நானும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் வருடக்கணக்காகக் காத்திருந்தோம். மகளுக்கு அப்பா என்றால் ஃபோனுக்குள் இருந்து வரும் ஒரு குரல்தான். ரொறன்ரோவுக்கு வந்திறங்கி, பெட்டி அடுக்கும் வேலை, பேக்கரியில் பாண் சுற்றும் வேலை என்று சில காலம் போனது. பிறகு கொலீச்சில் சிறுபிள்ளைப் பராமரிப்புப் படித்தேன். பயிற்சிக்கு எந்த இடம் கிடைக்கும் என்று பார்த்தால், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கென்று நடந்த நிலையம் கிடைத்தது. சில கிழமைக்கென்று போனவள், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

அதற்குக் காரணம் மொரிதா சென்செய். சென்செய் என்றால் ரீச்சர். நிலையத்தின் பொறுப்பாளர் அவர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், உயரத்திலும் என் தோளுக்குக் கீழேதான். ஆனால் அவர் அறைக்குள் வந்தால் என் முதுகு தானாக நிமிரும். அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. இரண்டையும் ஒட்டினாலும் ஒரு முழு ஆங்கிலம் வராது. போகப் போக நான் ஜப்பான் மொழியைப் பொறுக்கிக்கொண்டேன். அவர் ஒருநாளும் ஏசியதில்லை, புகழ்ந்ததும் இல்லை. நான் ஒன்றைச் செய்து முடித்தால் “மோ இக்காய்” என்பார். இன்னொருக்கா என்று அர்த்தம். பிழையாகச் செய்தாலும் மோ இக்காய், சரியாகச் செய்தாலும் மோ இக்காய். எது எதற்கென்று கண்டுபிடிப்பது நம்முடைய பாடு.

கைப்பாட்டு என்பது இருந்த இடத்தில் இருந்து கையால் விளையாடும் பாட்டு. கோடைக்கென்று எங்களிடம் தனியாக ஒரு கட்டு இருந்தது, எல்லாம் சென்செயே கட்டியவை. வத்தகப்பழப் பாட்டில் வயிற்றைத் தட்டிப் பழுத்துவிட்டதா என்று பார்ப்போம், வெட்டுவோம், விதையைத் துப்புவோம். துப்பும் இடத்தில் பிள்ளைகள் எச்சிலையும் சேர்த்தே துப்புவார்கள், அது வேறு கதை. ஐஸ் சீவும் பாட்டில் ஒரு கையைக் கிண்ணமாக்கி மறுகையால் இயந்திரப் பிடியைச் சுற்றுவோம். தின்று முடிய எல்லாரும் கன்னத்தைப் பொத்திக்கொண்டு குளிரில் கூத்தாட வேண்டும். வாணப் பாட்டில் இரண்டு முட்டியும் நெஞ்சிலிருந்து மெல்ல ஏறி, தலைக்கு மேல் விரிந்து, விரல்களாகச் சொரியும். எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்கு உயிர் தங்கமீன் பாட்டுத்தான். ஜப்பானில் கோடைத் திருவிழாக்களில் மெல்லிய கடதாசி ஒட்டிய கரண்டியால் தங்கமீன் அள்ளுவார்களாம். ஒருவர் உள்ளங்கையைக் கரண்டியாக்கிப் பிடிப்பார், மற்றவருடைய இரண்டு கையும் மீனாக நெளியும். அள்ளப் போகும்போது கடதாசி கிழியும், மீன் தப்பும், மண்டபமே கத்தும்.

பார்க்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு. அதைச் செய்விப்பதற்குள் எனக்கு விழி பிதுங்கிவிட்டது. முதல் நாள் நான் பாடி முடித்ததும் சென்செய் கிட்ட வந்து என் கலியாணக் காப்பில் விரலை வைத்தார்.

“இதுவும் பாடுகிறது” என்றார்.

உண்மைதான். ஒவ்வொரு அசைவுக்கும் அது கிலுங்க, பிள்ளைகள் என் விரலைப் பார்க்காமல் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “காப்பைக் கழற்ற மாட்டன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் திமிர்தான். அடுத்த நாள் காலையில் விளையாட்டுக்காரர் மணிக்கட்டில் மாட்டும் வெள்ளைத் துணிப்பட்டி இரண்டு நான் கோட் மாட்டும் கொக்கியில் தொங்கின. காப்புக்கு மேலே அவற்றை மாட்டினேன். சத்தம் அடங்கியது. அன்றைக்கே எனக்கு அந்த மனுசியைப் பிடித்துப் போனது.

பிறகு வந்த பாடங்களும் இப்படித்தான். நான் இருக்கும் இடத்துக்குப் பின்னால் வெறும் சுவர்தான் இருக்க வேண்டும். யன்னல் இருந்தால் பிள்ளை என்னைப் பார்க்காது, அணிலைப் பார்க்கும். நான் இடக்கையைத் தூக்கினால்தான் எனக்கு முன்னால் இருக்கும் பிள்ளை வலக்கையைத் தூக்கும், ஆகவே எல்லாவற்றையும் மாற்றிச் செய்ய வேண்டும். இதைப் பஸ்ஸில் பழகப் போய், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார். முதல்முறை மெதுவாக, அடுத்தமுறை இன்னும் மெதுவாக. கடைசிமுறை குரலை எடுத்துவிட்டுக் கை மட்டும். மண்டபம் அந்த அமைதிக்கு வந்ததும் கை முழங்காலில் போய்ப் படுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று இருந்தது. தயங்கி நிற்கும் பிள்ளையை வாயால் கூப்பிடக் கூடாது.

“கூப்பிட்டால் அது உங்களுக்காக வரும். கூப்பிடாவிட்டால் தனக்காக வரும்” என்றார் சென்செய். “நீங்கள் சந்தோஷமாகச் செய்யுங்கள். அது உங்களைப் பார்த்தால் நீங்களும் பாருங்கள். அவ்வளவு போதும்.”

அந்த விதியை நான் கோயில் விரதம்போலக் காத்தேன். வருடங்கள் போயின. பிள்ளைகள் வந்தார்கள், தவழ்ந்தார்கள், ஓடினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். வாயில் நுழையாமல் ‘பபானி சென்செய்’ என்றே என்னைக் கூப்பிட்டார்கள். பவானி என்ற பெயரை வைத்த என் அப்பா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச வருடத்துக்கு முன்னால், ஒரு கோடைத் தொடக்கத்தில் யூயி வந்தாள். நாலு வயதுப் பெண்பிள்ளை. ஜப்பானிலிருந்து நேரே வந்திறங்கிய குடும்பம், யூனியன்வில்லில் வீடெடுத்திருந்தார்கள். தகப்பனுக்கு இங்கே வேலை. வந்த நாளிலிருந்து யூயி வீட்டுக்கு வெளியே வாய் திறக்கவில்லை. காலையில் தாய் விட்டுவிட்டுப் போனால், வாசலில் காலணி அடுக்கும் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். சாப்பாட்டை வைத்தால் பாதி சாப்பிடுவாள். அழவும் மாட்டாள். அழுகிற பிள்ளையைத் தூக்கலாம், அழாத பிள்ளையை என்ன செய்வது?

இரண்டாவது கிழமை தாய் என்னிடமும் சென்செயிடமும் மனதைத் திறந்து சொன்னார்.

“ஓகஸ்ட் முடியும்வரை பார்க்கிறோம். பழகாவிட்டால் நான் இவளைக் கூட்டிக்கொண்டு ஜப்பானில் என் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன். இவளுடைய அப்பா வேலையை விட முடியாது. இங்கேயே தனியாக இருப்பார்.”

நான் வீட்டுக்குப் போய் அதைச் சிவத்திடம் சொன்னேன். சிவம் என் மனுசன். அவர் ரீவியை நிற்பாட்டினார்.

“எவ்வளவு காலத்துக்காம்?”

“அவருக்கு வேலை முடியும்வரைக்கும். வருசக்கணக்காகும்.”

“அந்தப் பிள்ளைக்கும் தேப்பன் ஃபோனுக்குள்ளைதான் எண்டு சொல்லும்” என்றார். எங்கள் மகள் கனடாவுக்கு வந்த நாள் விமான நிலையத்தில் அவரைக் கண்டு என் பின்னால் ஒளிந்தவள், மாதக்கணக்காக அவர் மடிக்குப் போகவில்லை. எங்களைத் துரத்தியது நாட்டில் நடந்த சண்டை. இந்தக் குடும்பத்தைப் பிரிக்க ஒரு சண்டையும் இல்லை, பிள்ளை பழகினால் போதும். எப்படியும் பழக்கிவிடுவேன் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

நல்ல செய்தி என்னவென்றால், யூயிக்குத் தங்கமீன் பாட்டில் ஆசை இருந்தது. நான் தொடங்கினால் சப்பாத்துத் தட்டை விட்டு நகர்ந்து வருவாள். பாயின் விளிம்பு வரைக்கும் வந்து, இரண்டு கையையும் மெல்லத் தூக்கி, மீனாக்கி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். ஓம், வா குஞ்சு என்று மனதுக்குள் உருகி, சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். உடனே கை இரண்டும் கீழே விழும். திரும்பிப் போய் அதே தட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள்.

மறுநாளும் இதேதான். அதற்கு அடுத்த நாளும் இதேதான். ஜூலை முழுவதும் இப்படியே போனது. நான் இன்னும் நன்றாகச் சிரித்தேன், இன்னும் நன்றாகத் தலையாட்டினேன். அவள் இன்னும் வேகமாகத் திரும்பிப் போனாள்.

குசினியில் சமைக்கும் சாந்தி மட்டக்களப்புக்காரி. எல்லாவற்றையும் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“ஏன் புள்ள, அந்தக் குட்டி உன்னட்ட ஆசையா வருகுது, மறுகா பேயக் கண்ட மாதிரித் திரும்பி ஓடுது. என்னகா செய்யிறாய் நீ அதுக்கு?”

“நான் என்னத்தைச் செய்யிறது? சிரிக்கிறன், தலையாட்டுறன்.”

“உன்ர சிரிப்புக்குத்தான் பயமாக்கும்” என்று கரண்டியைக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் வீடு போகும்வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் பிறந்ததும் சென்செய் ஒரு காலையில் பிள்ளைகளின் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்தார். யூயியைத்தான் கவனிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பாட்டுத் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவர் பார்த்தது என்னை. யூயி வழமைபோல் வந்தாள், கையைத் தூக்கினாள், பார்த்தாள், போனாள். பிள்ளைகள் நித்திரைக்குப் போனபின் என்னைக் கூப்பிட்டார்.

“யூயி பார்த்தபோது உங்கள் தலை என்ன சொன்னது?”

“ஓம் எண்டு சொன்னது.”

“காட்டுங்கள்.”

காட்டினேன். நாங்கள் எல்லாரும் ஆட்டுவதுபோல, தோளுக்குத் தோள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து.

“மோ இக்காய்.”

இன்னொருக்கா ஆட்டினேன். சென்செய் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தனை வருடத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன்.

“பபானி சென்செய், எங்களுக்கு ஓம் என்றால் தலை மேலும் கீழும் போக வேண்டும். பக்கவாட்டில் போனால் இல்லை. அந்தப் பிள்ளை தினமும் வந்து, நான் வரலாமா என்று உங்களைக் கேட்கிறது. நீங்கள் தினமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறீர்கள்.”

அப்படியென்றால் மற்றப் பிள்ளைகள்? அவர்கள் கைக்குழந்தையாக வந்தவர்கள், என் தலையோடு வளர்ந்தவர்கள், அவர்களுக்குப் பழகிவிட்டது. பெற்றோர்? மரியாதைக்காரர், ஒருவரும் கேட்கவில்லை. சென்செய்க்கே இத்தனை காலமும் அது கண்ணில் படவில்லை. வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யூயிக்கு விளங்கியிருக்கும். வாயால் கூப்பிடக் கூடாது என்று விதி. அதனால் பாட்டு நேரத்தில் என்னிடம் பேசியது இந்தத் தலை ஒன்றுதான், அதுவும் தமிழில் பேசியிருக்கிறது.

“என் விதியும் சேர்ந்துதான் இதைச் செய்தது” என்று சென்செய் இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் வளைந்தேன். இரண்டு பேருக்கும் தலை இடிபடாதது புண்ணியம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். மேலும் கீழும். சொன்னால் நம்பமாட்டீர்கள், கழுத்து கேட்கவேயில்லை. இரண்டு தரம் ஒழுங்காகப் போகும், மூன்றாவது தரம் தானாகப் பக்கத்துக்குச் சாயும். சிவம் ரீக்கோப்பையோடு கதவடியில் வந்து நின்றார்.

“இஞ்சேரும், என்ன ஓணான் மாதிரித் தலையாட்டிக்கொண்டு நிக்கிறீர்?”

“நீங்கள் பேசாமல் அந்த ரீயைக் குடியுங்கோ. ஒரு குடும்பம் பிரியாமல் இருக்கிறதுக்குப் பழகிறன்.”

விசயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். “சரி, நான்தான் யூயி. இப்ப ஆட்டும்” என்றார். சாய்ந்தபோதெல்லாம் “உது பிழை, உது பிழை” என்று விரலைக் காட்டினார். கறி அடிப்பிடித்த மணம் வரும்வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது.

அடுத்த நாள் தங்கமீன் பாட்டைத் தொடங்கினேன். யூயி வந்தாள். பாயின் விளிம்பில் நின்றாள். கையைத் தூக்கினாள். பார்த்தாள். நான் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நாடி நெஞ்சில் முட்டும்வரைக்கும் தலையை இறக்கி ஏற்றினேன். அவள் அசையவில்லை. இத்தனை நாளும் வேண்டாம் என்றவள் திடீரென்று வா என்றால் யார்தான் நம்புவார்கள்? இன்னொருக்கா ஆட்டினேன். இன்னொரு முறையும் ஆட்டினேன்.

அவள் பாய்க்குள் ஒரு காலை வைத்தாள். பிறகு மற்றக் காலையும் வைத்தாள். என் முன்னால் வந்து இருந்து, அந்தச் சின்னக் கை இரண்டையும் நெளித்தாள். நான் உள்ளங்கையைக் கரண்டியாக்கி நீட்டினேன். அள்ளப் போனேன், கடதாசி கிழிந்தது, மீன் தப்பியது. மற்றப் பிள்ளைகள் கத்தியபோது யூயியின் வாயிலிருந்தும் ஒரு சின்னக் கீச்சுச் சத்தம் வந்தது. குசினிக் கதவடியில் சாந்தி கண்ணைத் துடைப்பதைக் கண்டேன். வெங்காயம் என்று பிறகு பொய் சொன்னாள்.

அதன்பின் யூயி சப்பாத்துத் தட்டுப் பக்கம் போகவில்லை. பாட்டுகளை முணுமுணுத்தாள், வத்தகப்பழ விதையை மற்றவர்களைவிடத் தூரத்துக்குத் துப்பினாள். பெரியவர்களோடு மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. கேட்டதற்குத் தலையாலேயே பதில் சொல்வாள். சாப்பாட்டு நேரத்தில் வத்தகப்பழம் இன்னும் வேணுமா என்று கேட்பேன், தலையை ஆட்டுவாள், போடுவேன். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஓகஸ்டின் கடைசிக் கிழமை, பின்னேரம் கூட்டிப் போக வந்த தாய் வாசலிலேயே நின்றார். கண் வீங்கியிருந்தது.

“அடுத்த கிழமையிலிருந்து யூயி வரமாட்டாள். நாங்கள் ஜப்பானுக்குத் திரும்புகிறோம்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பிள்ளை நல்லாப் பழகிவிட்டாளே?”

“நானும் அப்படித்தான் நினைத்தேன். நேற்றுச் சாப்பிடும்போது அவளிடமே கேட்டேன். அப்பாவோடு நாங்கள் மூன்று பேரும் இங்கேயே இருப்போமா என்று. வேண்டாம் என்றுவிட்டாள். தகப்பனும் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பி வெளியே போய்விட்டார்.”

“வேண்டாம் எண்டு வாயாலை சொன்னாளோ?”

“இல்லை, வாய் நிறையச் சோறு. இப்படி” என்று தாய் ஒரு கையைத் தலைபோல நிமிர்த்திப் பிடித்துக் காட்டினார்.

அந்தக் கை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்ந்தது.

“ஐயோ, பொறுங்கோ!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். வத்தகப்பழம் ஒவ்வொரு துண்டாக என் கண்முன்னால் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் அந்தப் பிள்ளை தலையை ஆட்டியது இப்படித்தான், நானும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறேன். எனக்கு அது ஓம். பிறந்த நாளிலிருந்து ஓம், பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் என் தலையும் அப்படித்தான் ஆடியது. அதனால்தான் எனக்குத் தெரியவில்லை.

“அதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. அது ஓம். எங்கடை ஓம். என்னைப் பார்த்துப் பழகிவிட்டாள்.”

தாய் என்னைப் பார்த்தார், நம்புவதா விடுவதா என்று தெரியாத பார்வை. நான் திரும்பி, நிலத்தில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த யூயிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன்.

“யூயி, அப்பா, அம்மா, நீ, மூன்று பேரும் இங்கேயே இருப்பீர்களா?”

யூயி சப்பாத்தை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள்போலத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் தாய் அந்தச் சிரிப்பைத் தலையோடு சேர்த்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அவரும் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். கண்ணீர் வடிய வடிய, பிள்ளைக்குப் பதில் சொல்லத் தன் தலையையும் அப்படியே ஆட்டப் பார்த்தார். பாவம், கழுத்து விறைத்துப் போய், மரத்தலை மாதிரி ஒரு பக்கம் மட்டும் போய் நின்றது.

யூயி தாயின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, எங்கள் எல்லாருக்கும் கேட்க, சென்செயின் அதே குரலில் சொன்னாள்.

“மோ இக்காய்.”

தாய் இன்னொருக்கா ஆட்டினார். இந்தமுறை சரியாக வந்தது.